ஒரே வாசலை இருமுறை கண்ட ஒன்பது நாள்

மழை பொய்க்காத மலையும் கரை உடையாத ஏரியும் உடைய எழிற்பாழி நாட்டின் அரசி வேண்மாதேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் எயினன் பெருந்தேவன் எழுதுவது. வடகணவாய்க் கோட்டையின் தளபதியும் எண்ணூறு வேல்களுக்குத் தலைவருமான கண்டன் ஆதிச்சனார் நலம் பெறுக, அவர் கோட்டை நிலைபெறுக. இவ்வோலையைத் தாங்கள் நின்றபடியே வாசிக்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்க நேரமில்லை.

அரண்மனைக் காவல்மேசைக்குப் பொறுப்பான சாத்தன் கொற்றியைத் தாங்கள் அறிவீர்கள். வடகணவாய், தென்கணவாய், நகரத்து ஆற்றுப்பாலம் ஆகிய மூன்று இடங்களின் காட்சிகளையும் ஒரே கணினித் திரையில் மாற்றி மாற்றிப் பார்ப்பது அவள் பணி. ஒன்றைப் பார்க்கும்போது மற்ற இரண்டும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று இரண்டு ஆண்டுகள் அவள் முறையிட்டாள். கொற்றிக்குக் கண் போதவில்லையாம் என்று சபையில் சிரித்தவர்களுள் நாமும் ஒருவர். அதை மறைத்துப் பயனில்லை.

ஒருவழியாக அரசியார் இணங்கினார். புது மேசை வந்தது. மூன்று திரைகளையும் கொற்றி தன் கையாலேயே பொருத்தினாள். மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும், பக்கத் திரைகள் இரண்டும் சற்று உள்நோக்கித் திரும்ப வேண்டும், கழுத்து அலையக் கூடாது என்று ஒரு பகல் முழுதும் தச்சனைப் படாதபாடு படுத்தினாள். இடத்திரைக்கு வடகணவாய், நடுத்திரைக்குப் பாலம், வலத்திரைக்குத் தென்கணவாய் என்று வகுத்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

நம் நாட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியும். எரிகின்ற விளக்கிலிருந்துதான் புது விளக்கை ஏற்றுவோம். புதுத்திரைக்கும் அதுவே முறை என்றார் அரண்மனைப் புரோகிதர். ஆகவே கடைசியாகப் பொருத்திய வலத்திரை முதலில் ஒரு நாழிகை இடத்திரையின் காட்சியையே வாங்கிக் காட்டட்டும், பிறகு தனிக் காட்சிக்கு மாற்றலாம் என்று முடிவாயிற்று. கொற்றியும் அப்படியே கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். உடனே அவளைச் சபைக்கு அழைத்துப் பரிவட்டம் கட்டினார்கள். வாழ்த்தினார்கள், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அவள் திரும்பி வந்தபோது மூன்று திரைகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. மாற்ற வேண்டியது ஒன்று பாக்கி இருப்பது அவள் நினைவில் இல்லை, எங்கள் ஒருவர் நினைவிலும் இல்லை.

இரு கணவாய்களின் வாசல்களும் ஒரே சிற்பி கட்டியவை, பாறையும் ஒரே நிறம். ஒன்பது நாள் அவள் இமை கொட்டாமல் பார்த்தாள். இரண்டும் அமைதி என்று நாள்தோறும் எழுதிக் கொடுத்தாள். திரை வந்தபின் தூதன் எதற்கு என்று தென்கோட்டையின் தினத்தூதை நிறுத்தியவர்கள் நாமே. பகை வடக்கிலிருந்துதான் வரும், தெற்கில் ஈயும் பறக்கவில்லை என்று முந்நூறு வீரரை அங்கிருந்து எடுத்துத் தங்களிடம் அனுப்பியவர்களும் நாமே. தெற்கில் எஞ்சியவர் நாற்பது பேர். வாசல் திறவுகோல் கொற்றியின் தம்பி வேம்பனிடம் இருந்தது.

இன்று உச்சிப்பொழுதில், ஒரு கொம்பு முறிந்த மாடு தங்கள் வாசல் தூணில் கழுத்தைத் தேய்த்தது. அதே கணம் தெற்கு வாசலிலும் ஒரு கொம்பு முறிந்த மாடு கழுத்தைத் தேய்த்தது. கொற்றி முதலில் சிரித்தாளாம். பிறகு இடத்திரையில் சுட்டியை அசைத்திருக்கிறாள். வலத்திரையிலும் அது அசைந்தது. நம்மை அழைத்து அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறோம்: "ஐயா, ஒம்பது நாளா ஒரே வாசலத்தான் ரெண்டு தடவ பாத்திருக்கேன். தெக்க யாருமே பாக்கல."

எம் கண்முன் வலத்திரையைத் தனிக் காட்சிக்கு மாற்றினாள். திரை கறுத்துத் தெளிந்தது. தென்வாசல் அகலத் திறந்து கிடந்தது. தாழ் உள்ளிருந்து நீக்கப்பட்டிருந்தது. நாற்பது வேல்களும் சுவரில் ஒழுங்காகச் சாத்தப்பட்டிருந்தன. இரத்தம் இல்லை, ஆள் இல்லை, அடுப்பில் புகை இல்லை. மண்ணில் வண்டித்தடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன, அத்தனையும் நாட்டுக்குள் நோக்கியவை.

வேம்பன் இறந்தானோ, திறந்தானோ, நாம் கேட்கவில்லை. திறவுகோல் அவனிடம்தான் இருந்தது என்று கொற்றியே சொன்னாள். தம்பி இறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு ஒரு தமக்கை வந்துவிட்டாள். அவளை மேசையிலிருந்து எழச் சொன்னோம், எழவில்லை. மூன்றையும் பார்த்தபடி இருக்கிறாள். சற்றுமுன் நடுத்திரையில், ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் புழுதி எழுந்தது.

ஆகவே அரசியாரின் ஆணை: நூறு பேரைக் கணவாயில் நிறுத்தி, மற்ற அனைவரோடும் இக்கணமே நகர் நோக்கிப் புறப்படுக. வழியில் நம்மவர் கோலத்தில் எதிர்ப்படும் எவரையும் பெயர் சொல்ல வைத்த பின்னரே அணுகுக.

இது அரசியாரின் மீன்முத்திரை இட்ட ஓலை. முத்திரையும் கையெழுத்தும் நம்முடையவை என்று இதை நம்புக. நாளை இதே முத்திரையோடும் இதே கையெழுத்தோடும், இங்கே எல்லாம் அமைதி, திரும்பிச் செல்க என்று ஓர் ஓலை வந்தால், அதை நம்பவே வேண்டாம்.