பொன்னியின் பல்லும் படப் புத்தகமும்

ஜூலை 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பால்வாடி ஓட்டுக்கூரைக்குக் கீழே பிள்ளைகளும் நானும் ஒரே ஈட்டில் வேகிற இட்லிகள். மெட்ராஸிலிருந்து படப் புத்தகம் வந்தது. பக்கத்துக்கு ஒரு நல்ல பழக்கம். அதில் வரும் பையன் மேசையில் சாப்பிடுகிறான், காலில் பூட்ஸ்.

சேகர்: "டீச்சர், செருப்பு கயட்டாம சோறு துன்றான். அவங்கம்மா ஒதைக்க மாட்டாங்களா?"

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்தது, பிறர் பேசுவதை ஒட்டுக் கேட்காதே. இதை இன்னும் வேகமாகத் திருப்பினேன். எனக்கும் மனசாட்சி உண்டு.

"நண்பனுக்கு உதவி செய்" நன்றாக எடுபட்டது. பொன்னிகூடக் கண் கொட்டாமல் பார்த்தாள். நாலு வயசு. சேர்ந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

மத்தியானம் வாயைத் திறந்தாள். சேகர் கழுத்தைக் கடிக்க. போன வாரம் லட்சுமிக்குக் காது. அதற்கு முன் இன்னொருத்திக்குத் தோள்.

ஜூலை 7, செவ்வாய்

பால் பவுடர் கட்டி தட்டிவிட்டது. உடைத்துக்கொண்டிருக்கும்போது சேகரின் அம்மா சரசு, இடுப்பில் கை.

"ஏன் டீச்சர், இன்னா பள்ளிக்கூடம் இது? புள்ளய அனுப்புனா கயுத்துல பல்லு பதிஞ்சிக்கினு வருது. ஒண்ணு அந்தப் பொண்ணு இருக்கணும், இல்ல எம்புள்ள இருக்கணும். இன்னும் நாலு பேரு என் பக்கம் இருக்காங்க."

நேரே பால்வாடியை நடத்தும் மாதர் சங்கத்தின் தலைவியிடம் போய்விட்டாள் (இனி த. அம்மா, முழுசாக எழுத மை போதாது). வெள்ளிக்கிழமை நேரில் வந்து முடிவு சொல்வாராம். த. அம்மா முடிவு எடுக்க வருவதில்லை, எடுத்துக்கொண்டு வருவார்.

சாயங்காலம் பொன்னியின் அம்மா தனம் வந்தாள். ஒரு தறிக்காரர் வீட்டில் பகல் முழுக்க ராட்டினத்தில் தார் சுற்றும், அதாவது தறிக்கு நூல் சுற்றும், கூலிவேலை. புருஷன் இல்லை.

"இங்கயும் வாணாம்னுட்டா எங்கம்மா உடுவேன்? அவரு வூட்டுல சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசப்படியில குந்த வுடறதே பெருசு. பகல் பூரா இட்டுக்கினு போனா ரெண்டு பேரும் வெளியன்னுடுவாரு."

அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது முடித்திருப்பேன்.

ஜூலை 8, புதன்

காற்று. புழுதி. புத்தகத்தில் கடிப்பது பற்றிப் பக்கமே இல்லை. மெட்ராஸ் குழந்தைகளுக்குப் பல் முளைப்பதில்லைபோல. நானே வரைந்தேன்: ஒரு பெண் ஒரு பையனைக் கடிக்கிறாள், மேலே சிவப்புப் பெருக்கல் குறி.

"முதலை கொய்யாப்பழம் துன்னுது" என்றான் சேகர். எல்லாரும் கைதட்டினார்கள். பொன்னியும்.

சாயங்காலம் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். சாக்கு, பொன்னி விட்டுப்போன டம்ளர். உள்ளபடி, வேடிக்கை. பொன்னி வாசல்படியில். தனம் உள்ளே ராட்டினத்தில். இழை அறுந்தது. முடிச்சுப் போட்டாள், குனிந்தாள், மிஞ்சிய நூல் வாலைப் பல்லால் கடித்தாள், துப்பினாள். மறுபடி அறுந்தது, மறுபடி கடித்தாள். கத்தரியைத் தேட யாருக்கு நேரம்?

வெளியே வந்து என்னோடு பேசிக்கொண்டே பொன்னியின் பாவாடையில் தொங்கிய நூலையும் குனிந்து ஒரு கடி. பேச்சு நிற்கவில்லை.

நான்தான் நின்றுவிட்டேன். சேகருக்குக் காலர் நைந்து எப்போதும் நூல் தொங்கும். லட்சுமிக்குக் காதோரம் ரிப்பன் நுனி.

"பொன்னி, சேகர ஏம்மா கடிச்சே?"

"நூலு."

முதல் வார்த்தை. கடித்ததெல்லாம் உதவி! குறி கொஞ்சம் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 9, வியாழன்

தலைவலி, ஆனாலும் சந்தோஷம். "கேட்டுவிட்டுத் தொடு" பக்கத்தைக் காலையெல்லாம் நடத்தினேன். நூலைப் பார்த்தால் முதலில் கேள், கத்தரி நான் தருகிறேன். பொன்னி தலையாட்டினாள்.

சரசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். "கத சொல்லாத டீச்சர். ஒனக்குக் கத கட்டச் சொல்லியா தரணும்?" என் பேர் ஊரில் அப்படி. சம்பாதித்தது.

ராத்திரி எங்கள் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பார்த்து, "நூல் தொங்குது, பொன்னிய கூப்பிடவா?" என்றார். சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.

ஜூலை 10, வெள்ளி

த. அம்மா பதினொரு மணிக்கு. கூடவே சரசு, பின்னால் அவள் பக்கத்து நாலு பேர். நான் நூல் கதையைச் சொல்லி முடிக்கவில்லை, பொன்னி எழுந்துவிட்டாள். கண் த. அம்மாவின் ரவிக்கைக் கைமேல். பார்த்தேன். புது ரவிக்கை, ஓரத்தில் ஒரு நூல். ஐயோ.

கிட்டே போய் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நூலு தொங்குது. கடிக்கட்டா?"

கேட்டுவிட்டாள்! கத்தரியைத்தான் மறந்துவிட்டாள்.

த. அம்மா தன் கையைப் பார்த்தார். சரசுவைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெரிய உடம்பைக் குனித்து, கையை நீட்டினார். "கடிம்மா."

கடித்தாள், தோலில் படாமல். துப்பினாள். (துப்பக் கூடாது, பக்கம் 9. போகட்டும்.)

சரசுதான், "கேட்டுத்தான் கடிக்குது" என்றாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே.

"பொண்ணு இருக்கட்டும்" என்றார் த. அம்மா.

வேலையைப் பாதியில் போட்டு ஓடிவந்த தனம் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள். நன்றி சொல்லவில்லை.

ஜூலை 11, சனி

தூறல். அரை நாள். பொன்னி முன்னால் வரிசை. முதல் ஆள் சேகர், கழுத்தை நீட்டிக்கொண்டு: "எனுக்கு இங்க ஒண்ணு கீது." எல்லாரும் அவரவர் துணியில் நூல் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பொன்னி ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு, கத்தரியால், ராணிபோல.

பன்னிரண்டு மணிக்குச் சரசு வந்தாள். ஒரு கையில் சேகர் சட்டை, ஒரு கையில் காலர்.

"இதுக்கு ஒன் பொஸ்தகத்துல எந்தப் பக்கம் டீச்சர்?"