விழுந்ததும் ஓடி வந்தது

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? பாப்பாவின் இருமல் நின்றதா?

போன வாரம் ஒரு வேடிக்கை. சர்க்கஸில் நான் ஏணிமேல் நின்று வளையத்தைப் பிடிப்பேன், என் நாய் அதற்குள் பாயும் அல்லவா? அன்று ஏணி வழுக்கி விழுந்துவிட்டேன். பயப்படாதே, கணுக்காலில் சுளுக்குதான். நாய் ஆட்டத்தை விட்டு ஓடி வந்து என் மார்மேல் படுத்துக்கொண்டது. யாரையும் கிட்டே நெருங்க விடவில்லை. ஜனங்கள் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"இதையே தினமும் பண்ணுய்யா, கூட்டம் அள்ளும்" என்றார் முதலாளி.

சுளுக்கு இறங்கியதும் வேண்டுமென்றே விழுந்தேன். நாய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த வளையத்துக்குப் போய்விட்டது.

"வீட்டுக்காரி மாதிரிதான் தம்பி, இதுகிட்டயும் உன் பொய் செல்லாது" என்று கோமாளி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

கூடாரத்தில் குளிர் அதிகம். நாய்க்கு விரிக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு.

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன். சேலையைத் துவைக்காதே. நீ கட்டி அவிழ்த்தபடியே மடித்து அனுப்பு. நாய் ஒன்றும் சொல்லாது.

உன் மாமா