முப்பத்தொரு அடிக்குறிப்புகள்

முனிர்கா, புது டெல்லி
12-11-1983

அன்புள்ள ஜெயலட்சுமிக்கு,

நலம். இங்கே குளிர் வந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் அச்சா, அச்சா என்று சொல்லியே ஒரு மாதமாக உடைந்த ஜன்னலைச் சரிசெய்யாமல் இருக்கிறார்.

ஆய்வைப் பாதியில் விட்டுச் சிவகங்கைக் கல்லூரிக்கு வேலைக்குப் போனதே நல்லது, நீ எழுதிய ஒரே கட்டுரையையும் ஒருவரும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

வட்டாரப் பொருளாதாரத்தில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று இரண்டு வருஷமாகக் கார்டு போட்டு எண்ணுகிறேன் அல்லவா? கண்மாய்ப் பாசனக் கட்டுரைகளைத் தனியே எடுத்தேன். ராமநாதபுரத்தில் நாற்பது கிராமம் நடந்து நீ போட்ட அட்டவணை முப்பத்தொரு கட்டுரைகளில் இருக்கிறது. அத்தனையிலும் அடிக்குறிப்பில் நம் பேராசிரியர் வேதாந்தம் பெயர்தான். உன் அட்டவணையை எடுத்துக்காட்டிய அவர், தம் கட்டுரையில் உன் பெயரை ஒழுங்காகவே போட்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பலர் போட்டிருக்கும் பக்க எண்கூடத் தப்பு. அவர் கட்டுரை வந்த இதழில் அந்தப் பக்கத்தில் இருப்பது சந்தா விண்ணப்பம். நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துத் திட்டு வாங்கினேன்.

அந்தத் தப்பான எண்ணை முதலில் போட்டவர் யார் என்று கார்டுகளை வருஷவாரியாக அடுக்கினேன். சிரிப்பு போய்விட்டது. முதல் கார்டில் இருந்தது என் கட்டுரை, 1977. அப்போது உன் கட்டுரை வந்த இதழ் பைண்டிங்குக்குப் போயிருந்தது. கட்டுரையை அனுப்ப எனக்கு ஒரு நாள்தான் பாக்கி. பேராசிரியர் பெயர் போதும் என்று, பக்க எண்ணையும் நினைவிலிருந்தே போட்டு விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஜெயா.

இதையும் என் புதுக் கட்டுரையில் என் பெயர் போட்டே எழுதிவிட்டேன். பேராசிரியர் படித்துவிட்டு, "இது வேணுமாம்மா? உனக்குத்தானே கெட்ட பேரு" என்றார். வேண்டும் சார் என்றேன். ஜனவரி இதழில் வருகிறது. மற்றவர்கள் எல்லோருக்கும் நானே பிரதி அனுப்புவேன்.

கிராமங்களில் குறிப்பெடுத்த நோட்டுகளை எடைக்குப் போடப்போவதாக எழுதியிருந்தாய். போடாதே. அதே நாற்பது கிராமங்களுக்கும் நாம் மறுபடி போக வேண்டும். மே மாதம் வருகிறேன். இந்த முறை உன் பெயர் முதலில், என் பெயர் பின்னால்.

என்னை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டாம். நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று ஒரு வரி எழுது, போதும்.

அந்த ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
வைதேஹி