பதினேழாம் எண் பள்ளி

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே சளி இருமல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் கேட்டால் ஒரே மூச்சில் “நல்லா இருக்கேன்ப்பா” என்று முடித்துவிடுகிறாய், அந்த வேகம்தான் எனக்கு இடிக்கிறது, உண்மையிலேயே நன்றாக இருப்பவர்கள் இவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டார்கள். உன்னோடு தங்கியிருக்கும் பெண் இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாளே, திருப்பிக் கொடுத்தாளா, இல்லை அது அவளுடையதாகவே ஆகிவிட்டதா? கேட்டால் கோபித்துக்கொள்வாய், சரி விடு. போனில் பேசாமல் அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் காதை வைத்துவிடுவார், அவருக்கு வேறு வேலை கிடையாது. செய்தியாகத் தட்டிவிட்டால் அது எந்தெந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும். அதெல்லாம் கூட இருக்கட்டும், இதைச் சொல்லும்போது அந்தப் பக்கம் உன் மூச்சு மாறுவதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை, அதுதான் நிஜம்.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை நீ பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா. கணக்குப் பாடப் பெட்டித் திட்டத்தின் ஆய்வறிக்கையை முடித்துவிட்டேன், இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டு மேலே கொடுக்கப் போகிறேன், என் பெயரில் வரும் முதல் அறிக்கை என்று குதித்தாய். “பெட்டி வாங்கின பன்னிரண்டு பள்ளிக்கும் வாங்காத பன்னிரண்டு பள்ளிக்கும் வித்தியாசமே இல்லப்பா, அந்தப் பெட்டியால ஒரு பிரயோசனமும் இல்ல, அடுத்த வருஷத்துல இருந்து எல்லா ஊர்லயும் நிறுத்திடுவாங்க” என்றாய். அதோடு விட்டாயா, “ஆனா ஒரு அதிசயம்ப்பா, பெட்டியே வாங்காத பதினேழாம் எண் பள்ளி பின்னக் கணக்குல எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு, எங்க கையில எண் மட்டும்தான் இருக்கு, அந்த டீச்சர் யாருன்னு தெரியாது, யாரா இருந்தாலும் ஒரு தடவை நேர்ல பாத்து கை குலுக்கணும்” என்றாய். நான் அப்படியா அப்படியா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை பாப்பா. பதினேழாம் எண் என்னுடைய பள்ளி.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்றே, “எங்க ஆய்வுல உங்க பள்ளிக்கூடம் இருந்தா ரெண்டு பேருமே எங்கிட்ட மூச்சு விடக் கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டாய், நாங்களும் ஆறு மாதமாக மூச்சு விடவில்லை. ஆனால் நீ சேர்வதற்கு முன்பே விஷயம் தொடங்கிவிட்டது. போன வருஷம் பள்ளி திறந்ததும் கல்வி அலுவலகத்தில் குலுக்கல் வைத்தார்கள். இருபத்து நான்கு பள்ளி, பாதிக்குப் பெட்டி, பாதிக்கு இல்லை. முதல் சீட்டே உன் அம்மா பள்ளி. என் பள்ளி வரவே இல்லை. சீட்டுகளை நான் அருகில் போய்ப் பார்த்தேன், சிலது இரண்டு மடிப்பு, சிலது மூன்று மடிப்பு. கேட்டதற்கு எங்கள் தலைமையாசிரியை, “குலுக்கல்னா குலுக்கல்தான் சார், உங்களுக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்” என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார். எனக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், எங்கள் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு. பெட்டி வாங்கியவர்களுக்கு மார்க் ஏறும், எங்களுக்கு ஏறாது, பாருங்கள் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று எழுதி இழுத்து மூடுவார்கள், இதற்குத்தான் ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டேன். ஆய்வுக்காக வந்த தாடிக்காரத் தம்பி வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து என்னத்தையோ எழுதிக்கொண்டே இருந்தான். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், “நீங்க எப்பவும் போல நடத்துங்க சார், அது போதும்” என்றான். அந்த ‘எப்பவும் போல’ என்ற வார்த்தை முள்ளாகத் தைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க எப்பவும் போல நடத்தும் ஒருவன் வேண்டும், அவன் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை என்று அந்தத் தம்பி ஒரு வரி விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அதை இன்னொருவர் விளக்க வேண்டுமா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா பள்ளியில் அலமாரிக்குப் பூட்டு இல்லை, அதனால் அந்த நீலப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தையல் மிஷினுக்கு அடியில் வைத்திருந்தாள். வெளியே காட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாளாம், என்னைக் கண்டால் துணியைப் போட்டு மூடுவாள். கட்டின புருஷனிடம் மறைக்க அப்படி என்ன இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்துத் திறந்துவிட்டேன். உள்ளே பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று வெட்டின வண்ணப் பட்டைகள். பிறகு நாற்பத்தெட்டு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கு. அதற்குக் கீழே ஒரே கேள்வி, இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படிப் போட்டது? நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் பாப்பா. இத்தனை வருஷமாகத் தப்பைக் கண்டால் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன், அதோடு சரி, அந்தப் பிள்ளை என்ன நினைத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கே பழைய காலண்டர் அட்டையை வெட்டிப் பன்னிரண்டு அட்டைகளை எழுதிக்கொண்டேன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நான்கு ஞாயிறுகளில் நாற்பத்தெட்டும் என் கைக்கு வந்துவிட்டன.

அதை வகுப்பில் கொடுத்த நாளை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று போட்ட அட்டை. ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருத்தி உண்டு, வருஷம் பூராவும் வாயைத் திறந்ததில்லை, நான் ‘ஊமைக்கோட்டான்’ என்று பட்டம் வைத்திருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் எழுந்து, “சார், அந்தப் பிள்ளை மேல இருக்கிறதை மேலயும் கீழ இருக்கிறதைக் கீழயும் கூட்டிருச்சு. ஆனா முதல்லயே கையில அரை இருந்துச்சே, கூட்டின பிறகு அரையை விடக் குறைஞ்சு போச்சே, அது எப்படி சார்?” என்றாள். பிறகு தினமும் கணக்குப் பாடம் துப்பறியும் பாடம்தான். யாரையும் நம்பாதே, விடையை நம்பாதே, வாத்தியாரை நம்பாதே, எங்கே இடறியிருக்கும் என்று தேடு என்று சொல்லிக்கொடுப்பதற்கு என்னை விட்டால் வேறு ஆள் உண்டா, நீயே சொல்.

இதோடு நின்றிருந்தால் ஒரு பள்ளியோடு போயிருக்கும். நான் நிற்கவில்லை. பெட்டி கிடைக்காத மற்றப் பள்ளி வாத்தியார்களும் என்னைப் போலவே வயிறெரிந்துகொண்டு இருந்தார்கள். அம்மாவுக்குப் பயிற்சி வகுப்பு இருந்த சனிக்கிழமைகளில் எட்டுப் பேர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கத்தரித்தோம், ஒட்டினோம், டீ குடித்தோம், கல்வி அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி ஏசினோம். என்னோடு சேர்த்து ஒன்பது பள்ளி. பன்னிரண்டில் ஒன்பது. தாடிக்காரத் தம்பி வரும் நாளில் அட்டைகளை பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டு, நல்ல பிள்ளை போலக் கரும்பலகையில் எழுதுவோம். வருஷக் கடைசியில் ஒரு படிவம் கொடுத்தான், மேலே 17 என்று போட்டிருந்தது. இந்த வருஷம் புதிதாக ஏதாவது பொருளோ முறையோ பயன்படுத்தினீர்களா என்று கேள்வி. இல்லை என்று டிக் அடித்தேன். அவர்களை ஏமாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பெட்டி இல்லாத பள்ளி என்று நீ வைத்திருக்கும் கணக்கில் முக்கால்வாசி, பெட்டி இருந்த பள்ளிதான். உன் வித்தியாசம் எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறதா?

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ போன் செய்து நான்கு நாள் திருடன் மாதிரி முழித்துக்கொண்டு திரிந்தேன். போகட்டும், பெட்டி போனால் போகிறது, அட்டைதான் நம்மிடம் இருக்கிறதே என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். திங்கட்கிழமை அம்மா பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்தது, பெட்டியைச் சரிபார்த்துத் திருப்பி ஒப்படைக்கத் தயாராக வைக்கச் சொல்லி. அறிக்கை வருவதற்கு முன்பே எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ. அவள் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாக ஈரத்துணியால் துடைத்து அடுக்கினாள். “வித்தியாசமே இல்லன்னு பாப்பா சொன்னாளாமே. என் பிள்ளைங்க நல்லாத்தான் செஞ்சாங்கன்னு நெனச்சேன். எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியல போல இருக்கு” என்று சாதாரணமாகச் சொன்னாள், அழக்கூட இல்லை. அங்கேயே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரை டப்பாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, “எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?” சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேனாவையும் காகிதத்தையும் மேசையில் வைத்து, “பாப்பாவுக்கு எழுதுங்க. அவ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும்” என்றாள். கூடவே, “கத்தரிக்கோலை நீங்க எடுத்த இடத்துல வச்சதே இல்ல, அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும், உங்க கூட இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அந்தப் புத்தி வரல” என்றாள். பேச்சு வந்துவிட்டதே என்று எனக்கு உயிர் வந்தது.

எழுதுவதற்கு முன் மற்ற எட்டுப் பேர் வீட்டுக்கும் நடையாய் நடந்தேன், அதனால்தான் இத்தனை நாள். ஏழு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு டீச்சர் மட்டும் அழுதுகொண்டே போட்டார். வெயில் மழை பாராமல் குடையோடு திரியும் ஒருவர் இருக்கிறார், குடைக்காரர் என்போம், அவர் மட்டும், “உங்க வீட்டுக்கு நான் வந்ததே டீ குடிக்கத்தான் சார், கத்தரிக்கோலையே நான் கண்ணால பாக்கல” என்று சாதித்துவிட்டார். அவர் பள்ளிக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எந்தப் பள்ளி, எந்த மாதத்திலிருந்து அட்டை, எத்தனை வகுப்பு என்று இதோடு வைத்திருக்கும் தனித் தாளில் இருக்கிறது. எங்களோடு சேராத மூன்று பள்ளிகளின் பெயரும் அதில் உண்டு. பட்டியலின் கடைசியில் மூன்று பள்ளி ரொம்பப் பின்தங்கிப் பரிதாபமாக இருக்கிறது என்று நீ சொன்னாய் அல்லவா, அவை இந்த மூன்றுதானா என்று பார். மூன்றை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாதுப்பா என்பாய், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சந்தேகப்படலாம் இல்லையா?

எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது, விசாரணை என்று கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும், போய் நிற்கிறேன். உன்னை நினைத்தால்தான் கவலை. அப்பா என்பதற்காக இதை அமுக்கிவிடாதே. அப்படி அமுக்கினால் அந்தப் பெட்டி உன் கையெழுத்தால் எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் போய்விடும், கடைசி பெஞ்சில் இருப்பவர்களெல்லாம் கடைசி வரை வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தத் தாளை உன் மேலதிகாரியிடம் தனியாகப் போய்க் கொடுக்காதே, இரண்டு பேர் இருக்கும்போது கொடு, கொடுத்ததற்கு எழுதி வாங்கிக்கொள். கடைசிப் பிரதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னார் என்றாயே, அவரிடம் மட்டும் விட்டுவிடாதே, பக்கத்தை எண்ணிப் பார். இவ்வளவும் கேட்டுக் கோபம் வரும், வரட்டும், ஒரு வாரம் என்னோடு பேசாமல்கூட இரு. ஆனால் சிவப்பு மையால் ஒரே கோடாக இழுத்துவிடாதே அம்மா, இந்த ஆள் என்ன நினைத்து இப்படிப் போட்டான் என்று ஒரு தடவை கேள். எனக்கே அது இப்போதுதான் தெரிந்தது. என் பிள்ளைகளிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும், நேர்மையாக நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொள். முக்கியமான ஒன்று, இந்தக் கடிதத்தின் உறையைக் கிழித்துத் தூக்கிப் போட்டுவிடாதே. அதில் தபால் முத்திரையும் தேதியும் இருக்கும். இவளுக்கு முன்பே தெரியும், அப்பனும் மகளும் கூட்டு என்று நாளைக்கு ஒருவன் நிச்சயம் சொல்வான், அந்தத் தேதி வரைக்கும் உனக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்கு அந்த உறைதான் சாட்சி. பத்திரமாக வை.

நீ நேரில் பார்த்துக் கை குலுக்க ஆசைப்பட்ட,
பதினேழாம் எண் பள்ளி ஆசிரியர்,
உன் அப்பா