கூடுதலாகப் போட்ட ஒரு பிளேட்

இன்று காலை கரமனைப் பாலத்துக்கு இப்புறம் பிரேக் சூடேறிய வாசனை வந்தது. குடையோடு சாலையைக் கடந்த ஒரு பெண்ணுக்கு நான்கடி முன்னால் பெரிய லாரி ஒன்று நின்றிருந்தது. கூட்டம் ஏசத் தொடங்கியதும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "ஞான் சவிட்டியில்லா. அது தன்னே நின்னதா!" அவர் மிதிக்கவே இல்லையாம், வண்டி தானாக நின்றதாம். சன்னதியில் நிற்பவர் போலிருந்தது அவர் முகம். உம்மிடம் சொல்ல வேண்டுமென்று போனை எடுத்துவிட்டேன். நீர் போய் எட்டு மாதமாகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தானே பார்த்து, தானே பிரேக் பிடிக்கும் லாரிகளைப் பழுதுபார்க்க ஆட்களைப் பழக்கும் நிலையம் ஊருக்கு வெளியே திறந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் பத்திரிகைக்காக அதைப் பற்றி எழுத வந்தேன். நாகர்கோவிலிலிருந்து வந்து முப்பது வருடம் பட்டறை நடத்திய நீர் அங்கே பயிற்சியாளர். இருவருக்கும் ஒரே வயது. முதல் நாளே என்னை உரிமையோடு "வேய்" என்று கூப்பிட்டுவிட்டீர். பம்பர் நடுவே உள்ளங்கை அகலத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைத் துடைத்தபடி சொன்னீர்: "இது ரேடாராக்கும். வண்டிக்கு இதுதான் கண்ணு. கொஞ்சம் மேல பாத்தா மேகம், கொஞ்சம் கீழ பாத்தா ரோடு. ஆளு தெரியாது, கேட்டீரா?"

ஒரு வாரம் அங்கேயே சுற்றினேன். திங்களன்று அந்த ரேடாரின் பார்வையை அளந்து பொருத்தியவர் ஸ்ரீஜா. எட்டு ஆண்டு டயர் கடையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். புதனன்று அவருக்குத் தேர்வு. லாரி மெதுவாக வரும், வழியில் ஆளுயரப் பொம்மை நிற்கும், வண்டி தானாக நிற்க வேண்டும். நின்றால் சான்றிதழ், ஒரு பணிமனையில் வேலையும் காத்திருந்தது.

வண்டி நிற்கவில்லை. பொம்மை பறந்துபோய் வேலியில் விழுந்தது.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையாணு சாரே. ஞான் சரியாத்தான் வெச்சது" என்றார் ஸ்ரீஜா.

"பச்சைன்னா பொம்மை ஏன் பறக்குது?" என்று தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"டயருக்குக் காத்தடிக்கிற கையல்லே" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

நீர் சிரிக்கவில்லை. இருபதடி தள்ளிப்போய்க் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு லாரியைப் பக்கவாட்டில் பார்த்தீர். டேப்பை எடுத்து முன்புறமும் பின்புறமும் சட்டத்தின் உயரத்தை அளந்தீர். பிறகு வண்டிக்கு அடியில் நுழைந்தீர். வெளியே வந்தபோது முதுகெல்லாம் செம்மண்.

"பேனாவ மூடும் சார். பின்வில்லுல ஒரு பிளேட் கூடுதலாக் கெடக்கு. செவ்வாக்கெழம போட்டது. போடச் சொன்னது நானாக்கும்."

செவ்வாயன்று பாடத்துக்காக மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். பின்பக்கம் தாழ்ந்தது. உடனே, அடுக்கிவைத்த எஃகு வில்லில் இன்னொரு பிளேட்டைச் சேர்க்கச் சொன்னீர். உமது பட்டறைக்கு வந்த எந்த லாரியும் அப்படி ஒன்றைப் போட்டுக்கொள்ளாமல் போனதில்லை. பாரம் தாங்கும், ஓனருக்குச் சந்தோஷம். இந்த லாரியில், மூட்டைகளை இறக்கியதும் பின்புறம் உயர்ந்து மூக்கு தாழ்ந்தது, கண் ரோட்டைப் பார்த்தது. பிளேட் போடும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதத் தக்கதாக எனக்கும் தோன்றவில்லை.

பிளேட்டைக் கழற்றினீர். ஸ்ரீஜா மறுபடி அளந்து சரிபார்த்தார். வேலியில் விழுந்த பொம்மையை நிமிர்த்தி வைத்தார்கள். லாரி வந்தது. பொம்மைக்கு ஒரு கை தூரத்தில், யாரோ தோளைத் தொட்டு நிறுத்தியதைப்போல நின்றது. காற்று பிரேக் பெருமூச்சு விட்டது. அத்தனை டன் இரும்பு ஒரு பொம்மைக்கு வழிவிட்டதைப் பார்த்துவிட்டு, தேர்வாளர் பேனாவைத் திறந்து தேர்ச்சி என்று எழுதினார். ஸ்ரீஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எழும்பு மோளே, கீழ எண்ணெ கெடக்கு" என்றீர்.

வெள்ளியன்று பத்திரிகையில் என் செய்தி வந்தது. உமது தவறை நான் எழுதவில்லை. முப்பது வருடப் பெயர் கெட வேண்டாம் என்று நினைத்தேன். 'முதல் முயற்சியில் தவறிய ஸ்ரீஜா, இரண்டாவதில் வென்றார்' என்று எழுதியிருந்தேன். காலையிலேயே போன் செய்தீர்.

"வேய், எனக்குப் பாவம் பாத்து அந்தப் புள்ள தலையில வச்சிட்டீரே! வேல தாறேன்னவன் பேப்பரப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்றேங்கான். மொதல்ல தோத்தது அவளா, நானா?"

"உமக்கு மரியாதைக் குறைவு வருமே ஐயா..."

"எனக்கு வாறது வரட்டும். நீரு திருத்தும்."

மறுநாள் நான்கு வரியில் திருத்தம் வெளியிட்டோம். தவறு பயிற்சியாளருடையது, ஸ்ரீஜாவின் வேலையில் குறையில்லை என்று. திங்களன்று அவரை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

என் பேரை ஏன் போட்டாய் என்று சண்டைக்கு வந்தவர்கள் பலர். தன் தவறு அச்சில் வரவில்லையே என்று வந்தவர் நீர் ஒருவர்தான். லாரி தானாக நின்ற அதிசயம் எனக்கு மெல்லப் பழகிவிட்டது. இது இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன் ஒருமுறை பார்க்கிறேன், ஒருவரைக் காப்பாற்றுவதாக நினைத்து யார் தலையில் வைத்திருக்கிறேன் என்று. பெரும்பாலும் யாராவது இருக்கிறார்கள்.