முத்திரைச் சாடியும் மூளிப் பானையும்

உலக்கை ஓங்கிய பத்து வீரரையும் நில்லுங்கள் என்று கைகாட்டி நிறுத்திவிட்டு எழுத்தாணியை எடுத்திருக்கிறேன். கோட்டை வாசலில் முப்பத்தொரு பானைகள் வரிசையாக நிற்கின்றன. குதிரைக்குச் சேணம் பூட்டியாயிற்று.

ஏழு ஆறுகளுக்கு உடையவர், மருதந்துறை மணிமுடி தரித்த பொன்வரைக்கோ பெருமான் திருமுன், கூகைமலைக் கோட்டையின் சுவைகாண் அதிகாரி நன்னாகன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் வயல்களில் நீர் நிற்க. தங்கள் வாசலில் கூட்டம் குறையாதிருக்க.

தங்கள் ஆணை இரண்டு. மலைக்குடிகள் வீட்டில் ஊறவைக்கும் தினைக்கள், அரச மதுச்சாலையின் முத்திரைச் சாடி மதுவுக்கு ஈடாகுமா என்று சுவைத்துச் சொல்லி, ஆகாதெனில் பானைகளை உடைப்பது ஒன்று. கோட்டைச் சுவருக்குள்ளேயே திருட்டுத்தனமாகக் கள் ஊறவைத்தவனைக் கட்டி அனுப்புவது மற்றொன்று.

முத்திரைச் சாடியில் குறை சொல்ல ஏதுமில்லை. தெளிந்தது, குளிர்ந்தது, கடற்கரையில் குடித்தாலும் கூகைமலையில் குடித்தாலும் ஒரே சுவை. தாகத்துக்கு அது போதும். தினைக்களோ பானைக்கொரு குணம். பத்தொன்பது பானை வீண். ஒன்றில் புகை நாற்றம், ஒன்றில் எறும்பு. ஆனால் கொற்றி என்னும் மலைக்குடிப் பெண்ணின் பானை, நாரத்தைத் தோல் மணத்தோடு கசந்து, பின் இனித்து, விழுங்கிய பிறகும் நாவை விட்டுப் போகவில்லை. நம் சாலையில் அப்படி ஒன்று ஒருநாளும் ஊறியதில்லை. இதை மறைத்தால் எனக்கு நாக்கு எதற்கு?

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் பானைக் கள்ளைத் தான் குடிக்கலாகாது. அயலாரை அழைத்துக் கொடுத்துவிட்டு, அயலார் வீட்டில்தான் குடிக்கவேண்டும். வந்த புதிதில் இதை அறியாமல், முத்திரைச் சாடியைத் திறந்து வைத்து அவர்களை விருந்துக்கு அழைத்தேன். கொற்றி முகர்ந்து பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, யார் கை ஊறவைத்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன். முகம் தெரியாதவன் கள்ளைக் குடித்துவிட்டு அவனை எப்படித் திருப்பி அழைப்பது என்று சொல்லிச் சாடியை மூடிவிட்டுப் போனாள்.

அதன்பின் பதினொரு மாதம் என் வாசலுக்கு எவரும் வரவில்லை. அதிகாரி என்பதால் வீரரும் உடன் அமரார். மாலைதோறும் ஒரு சாடி, ஒரு குவளை, நான். சில நாள் குவளையோடு பேசியும் பார்த்தேன். அது பதில் சொல்லாததே ஆறுதல்.

கோட்டைச் சமையற்கட்டில் அகப்பட்ட பானை, வரிசையின் கடைசியில் வாய் மூளியாக நிற்கிறது. அதன் கள் படுமோசம், காடியாய்ப் புளித்தது. மாடுகூட முகம் திருப்பும் என்று கொற்றி வைதாள். வைதபடியே இரண்டாம் முறை குவளையை நீட்டினாள். அவளோடு மலைக்குடிகள் ஏழு பேர் வந்து, உச்சிப்பொழுதுவரை இருந்து, சிரித்து, பானையைக் கவிழ்த்துவிட்டே எழுந்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: தினைக்கள் குடிக்கத் தகும். ஒன்று தேற வேண்டுமானால் முப்பதை விட்டுவைக்கத்தான் வேண்டும். பானைகள் உடையா. உலக்கைகள் கீழே இறங்கட்டும்.

இரண்டாம் ஆணைப்படி, குற்றவாளியைப் படைத்தலைவன் வயவன் கட்டிக் கொண்டுவருகிறான். ஓலைக்கு முத்திரை இட்ட மோதிரத்தையும் கழற்றி உடன் வைத்திருக்கிறேன். நாளை கொற்றி வீட்டில் என் பெயருக்கு ஒரு குவளை காத்திருக்கும். பதினொரு மாதத்தில் எனக்கு வந்த முதல் அழைப்பு.

அந்த மூளிப் பானை என்னுடையது.