தேய்த்தால் போகாத கறை

மே 4, 1964. திங்கள்.

விடியும்போதே புழுக்கம். காஜா பெராங் வட்டாரம் முழுக்கக் காற்றில்லை. அரிசியில் வண்டு. உலர்த்த வேண்டும்.

காலையில் தம்பி கோவிந்தன் தன் மகள் ராணியின் வாயைக் கிழித்தான். அவளுக்குப் பதினொரு வயது. குழாயடியில் பிடரியைப் பிடித்துக் குனியவைத்து, செங்கல்தூளையும் உப்பையும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தான். ஈறு பிய்ந்து ரத்தம். பல் மட்டும் அப்படியே. முன்பல் நான்கும் பழுப்பு, குறுக்கே கறுத்த பட்டை.

விறகுக் கட்டையை எடுத்து அவன் முழங்கையில் ஒன்று போட்டேன். விட்டான்.

"ஒன் வெத்தலப் பொட்டிதான்க்கா காரணம். திருட்டுத்தனமா மென்னு மென்னு இப்பிடி ஆயிருக்கு."

"தெனம் அவ வாய மோந்து பாக்குறியே, என்னைக்காச்சும் வாசம் வந்துச்சா?"

"கழுவிட்டு வருவா லா. நீ சொல்லிக் குடுத்திருப்ப."

புருஷன் செத்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எது கெட்டாலும் என்னால்தான். சோறு குழைந்தால் நான். ரேடியோ கரகரத்தால் நான். இப்போது பல். அலமேலு என் வெற்றிலையை எண்ணி வைக்கிறாள், தெரியும். தம்பி பெண்டாட்டி என்று பொறுத்துப் போகிறேன்.

யோசித்துப் பார்த்தேன். வெற்றிலை மெல்லுவது கடைவாயில். ராணியின் கடைவாய்ப் பல் வெறும் மஞ்சள். வெளிச்சம் படுகிற முன்பல்தான் பழுப்பு. என் பல் சிவப்பு. எங்கே ஒட்டுகிறது இந்தக் கணக்கு? இவன் லோரி ஓட்டுகிறான், மூளையை ஓட்டுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'கீகி காராட்'. துருப்பிடித்த பல்லாம். சிரித்தால் கையால் மூடிக்கொள்கிறாள். சிரித்தே நாளாகிறது.

மே 6, புதன்.

மழை. பேச்சா ரிக்‌ஷா பிடித்து ராணியைப் பண்டார் ஹிலிர் பக்கம் பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பள்ளிக்கு மட்டம். யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் பெண்பிள்ளை, சிலோன்காரி. சின்ன வயது. கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்ததும் கேட்டாள்: "ஈறை ஆர் இப்பிடிக் கிழிச்சது?"

"இவ அப்பன். வெத்தலக் கறைன்னு செங்கல்தூள் போட்டான்."

"வெத்திலை இல்லை அம்மா. சின்னதில நெஞ்சுச் சளிக்கு மஞ்சள் பாணி மருந்து குடிச்சவளோ?"

குடித்தாளே. தம்பி குடும்பம் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலம். மூன்று வயதுக்குள் எத்தனை தடவை இழுப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த இனிப்பு மருந்து. குணமானதால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு போத்தல் வாங்கி வந்து ஊற்றினார்கள்.

"அதுதான். பல்லு வெளியில வர முந்தி, ஈறுக்குள்ள வளரேக்கையே அந்த மருந்து இறங்கிட்டுது. கறை மேல இல்லை, உள்ளுக்க. தேய்ச்சாப் போகாது."

வேறு என்ன செய்யலாம் என்று கேட்டேன். வளர்ந்த பிறகு, பதினெட்டு வயது போல, முன்பல்லைக் கொஞ்சம் சீவி மேலே பீங்கான் உறை போடலாமாம். இப்போது சீவினால் நரம்பு சாகும். வெளுக்கவைக்கும் மருந்தும் சில இடங்களில் பார்க்கிறார்களாம், இன்னும் நம்ப முடியாதாம்.

"நிறம்தான் பிழை. பல்லு நல்ல உறுதி. ஆரும் பிடுங்க வந்தா விடாதேங்கோ."

திரும்பும்போது ராணிக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். ஈறு எரிகிறது என்று பாதியில் எறிந்தாள்.

மே 7, வியாழன்.

டாக்டர் சொன்னதை வீட்டில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அலமேலு சுவரோடு சரிந்தாள். "நான்தானே அண்ணி ஊத்துனேன், ஒவ்வொரு கரண்டியும்."

"புள்ள மூச்சு நிக்காம இருந்துச்சில்ல? அழுவாத. எந்திரி."

தம்பி நம்பவில்லை. "பொம்பள டாக்டர் சொன்னா வேதமா? பதினெட்டு வயசு வரைக்கும் துருவோட வச்சுக்கிட்டா எவன் வருவான்? தெங்கேராவுல பல்லுக் கட்டுற மாரிமுத்து ஞாயித்துக்கிழம வரான். மேல் வரிச பூரா எடுத்துட்டு வெள்ள செட்டு கட்டிடுவான். பேசியாச்சு."

தன் கல்யாணத்துக்கு நல்ல பல்லைப் பிடுங்கித் தங்கப் பல் கட்டிக்கொண்டவன். வேறு எப்படி யோசிப்பான்?

வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை அவன் வெள்ளைச் சட்டையில் துப்பினேன். அறைந்தான். என் கீழ்ப்பல் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. ஏற்கெனவே ஆடியதுதான். ஆனாலும் அக்காவை அடித்த கை. மறக்கமாட்டேன்.

மே 9, சனி.

வெயில். தாடை வீக்கம். கஞ்சிதான்.

பசார்: கருவாடு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய். விறகு வெட்டும் பராங் கத்தியைத் தீட்டக் கொடுத்து வாங்கினேன். ரேடியோவில் இந்தோனேசியாக்காரனோடு சண்டைச் செய்தி. இந்த வீட்டுச் சண்டையை யார் வாசிப்பது?

ராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பல்லப் புடுங்குனா வலிக்குமா அத்த?"

"வலிக்கும்."

"கத்தவா?"

"கத்துனா வாய் தெறக்கும். அதுக்குத்தான் அவன் காத்திருப்பான்."

கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மே 10, ஞாயிறு.

மேகமூட்டம். மாரிமுத்து காலையிலேயே தோல்பையோடு வந்தான். காப்பி கேட்டான். அடுப்படிக்குப் போனேன். தம்பி வெளியே கொக்கியைப் போட்டுவிட்டான்.

"கோவிந்தா, தொறடா!"

"சும்மா இருக்கா. அஞ்சே நிமிசம்."

விறகுக்குப் பின்னாலிருந்து பராங்கை எடுத்துக் கதவை வெட்டினேன். கொக்கிப் பக்கத்துப் பலகை தெறித்து விழுவதற்குள் அலறல் கேட்டது. குழந்தையின் குரல் இல்லை. ஆண் குரல்.

கூடத்தில் மாரிமுத்து முட்டிபோட்டுக் கிடக்கிறான். அவன் கட்டைவிரல் ராணியின் வாய்க்குள். அவளுடைய இரண்டு கைகளையும் அப்பன் பிடித்திருக்கிறான், பிடித்தபடியே "விடுடி! விடுடி!" என்கிறான். அவள் விடவில்லை. மோவாயில் ரத்தம் வழிந்து கவுனில் சொட்டியது. அவளாக விட்டபோது விரலில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"வெறி நாய வளத்து வச்சிருக்கீங்க! கால்ல விழுந்தாலும் இனிமே இவ வாயில கை வைக்கமாட்டேன்!" துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினான். பையை எடுத்தான், இடுக்கியை விட்டுவிட்டான்.

தம்பி கையை ஓங்கினான். ராணி நகரவில்லை. அவன் பக்கம் திரும்பி வாயை நன்றாகத் திறந்தாள். அத்தனை பல்லும் தெரிந்தது. கை அப்படியே நின்றது. பிறகு என் கையிலிருந்த பராங்கைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அலமேலு வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. பசிக்கிறது என்றாள். கருவாடு பொரித்துக் கொடுத்தோம்.

கதவுக்குப் பலகை வேண்டும். இடுக்கி என் வெற்றிலைப் பெட்டிக்குள். கேட்டு வரட்டும்.